ஒளிவளைவு எதை அளக்கிறது? மறைப்பு இரட்டை விண்மீன்களின் சுற்றுப்பாதை பற்றிய விவாதங்கள்

பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தில் உள்ள அல்கோல், 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்குகிறது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஒளி இறங்குகிறது; அதே அளவு நேரத்தில் ஏறிப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மிகவும் மங்கிய கட்டத்தில் வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. சாதாரணத் தொலைநோக்கி எதில் பார்த்தாலும் அல்கோல் ஒரே புள்ளிதான். ஆனால் அந்தப் புள்ளிக்குள் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன, பாதையின் தளம் இத்தனை பாகை சாய்ந்திருக்கிறது, விண்மீன்களின் ஆரம் இவ்வளவு என்று வானியலாளர்கள் எண்களோடு சொல்கிறார்கள். இந்த எண்களை ஒளியின் ஏற்ற இறக்கம் ஒன்றே தந்துவிடுமா? தருமென்றால் அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்விக்கு 240 ஆண்டு வயதாகிறது. அதற்குச் சொல்லப்பட்ட விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. அளவீட்டின் துல்லியம் உயர்ந்தபோதெல்லாம் கணக்கு எளிதாகிவிடவில்லை. அதுவரை ஒதுக்கிவைக்க முடிந்த ஏதோவொரு விளைவு, இனி ஒதுக்க முடியாததாக முன்னே வந்தது.

கறையா, மறைப்பா?

அல்கோலின் ஒளி மாறுவதை 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் ஜெமினியானோ மொன்டனாரி குறித்திருக்கிறார். அந்த மாற்றத்தில் ஒழுங்கு இருப்பதைக் கண்டவர் இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த ஜான் குட்ரிக். செவித்திறன் இல்லாத அந்த இளைஞர், அண்டை வீட்டாரும் நண்பருமான எட்வர்ட் பிகாட்டின் துணையோடு 1782 நவம்பரிலிருந்து இரவுதோறும் அல்கோலைக் கவனித்தார். 1783 மே மாதம் ராயல் கழகத்தில் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டபோது அவருக்கு வயது 18. இரண்டு விளக்கங்களை அவர் முன்வைத்தார். அல்கோலை ஒரு பெரிய இருண்ட பொருள் சுற்றிவந்து மறைக்கலாம். அல்லது அல்கோலின் மேற்பரப்பில் கறைகள் இருந்து, விண்மீன் சுழலும்போது அவை நம் பக்கம் திரும்பலாம். அதே ஆண்டு கோப்லி பதக்கம் கிடைத்தது. மூன்றாண்டுகள் கழித்து, 22 வயது நிறையும் முன்பே அவர் இறந்தார்.

முதல் விளக்கமே சரி என்று இன்று தெரிந்தாலும், அன்றைக்கு அதை உறுதிசெய்ய வழியில்லை. வில்லியம் ஹெர்ஷல் தம் தொலைநோக்கியில் தேடியும் துணை எதுவும் தென்படவில்லை. கறை என்ற விளக்கமும் அறிவுக்குப் பொருந்தாததன்று. சூரியனிலேயே கறைகள் உண்டு. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இரண்டும் அருகருகே நின்றன. 1880 வாக்கில் ஹார்வர்டின் எட்வர்ட் பிக்கரிங், மறைப்பு என்று கொண்டால் ஒளி இறங்கும் வேகமும் ஆழமும் கணக்கோடு ஒத்துப்போவதைக் காட்டினார். ஒத்துப்போவது நிரூபணம் ஆகாது. அதை 1889-ல் போட்ஸ்டாமில் ஹெர்மன் கார்ல் ஃபோகல் தந்தார். அல்கோலின் நிறமாலைக் கோடுகள் மங்கலுக்கு முன்பு ஒரு பக்கமும் பின்பு மறுபக்கமும் நகர்வதை அவர் அளந்தார். விண்மீன் நம்மைவிட்டு விலகி, பிறகு நெருங்குகிறது. அதாவது சுற்றுப்பாதையில் இருக்கிறது.

ஃபோகல் அங்கே நிற்காமல் எண்களையும் கொடுத்தார். அவருடைய கணக்கில் அல்கோலின் நிறை சூரிய நிறையில் பாதிகூட இல்லை. துணை விண்மீன் அதைவிடவும் சிறியது. இன்றைய அளவீட்டில் முதன்மை விண்மீனின் நிறை சூரியனைப்போல் 3 மடங்குக்கும் மேல். துணையின் நிறை சூரிய நிறையில் 0.7 பங்கு, ஆரமோ முதன்மையைவிடப் பெரியது. ஃபோகல் பார்த்த நிறமாலையில் ஒரு விண்மீனின் கோடுகள் மட்டுமே தெரிந்தன. மறுபாதியை ஊகத்தால் நிரப்ப வேண்டியிருந்தது. மங்கலான துணையின் கோடுகளை டாம்கினும் லாம்பர்ட்டும் பிரித்தெடுத்தது 1978-ல்தான். பாதை உண்டு என்று காட்டுவதற்கும் பாதையை அளப்பதற்கும் இடையே இருந்த தொலைவு அவ்வளவு.

வளைவில் இருப்பதும் இல்லாததும்

ஒரு மறைப்பு இரட்டையின் ஒளியை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கிடைப்பது ஒளிவளைவு. அதில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். மேற்பரப்பு அதிகப் பொலிவுள்ள விண்மீன் மறைக்கப்படும்போது ஆழமான பள்ளமும், மற்றது மறைக்கப்படும்போது ஆழம் குறைந்த பள்ளமும் விழும். பள்ளங்களின் ஆழத்தைக் குறிக்கும் பொலிவெண் அளவை, ஐந்து எண் வேறுபாடு நூறு மடங்கு ஒளி என்று 1856-ல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். 1861 முதல் 1891-ல் இறக்கும்வரை சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்து மாறொளி விண்மீன்களைப் பதிவுசெய்தவரும் அவரே.

வளைவிலிருந்து ஐயமின்றிக் கிடைப்பது சுற்றுக்காலம். பல்லாண்டுப் பதிவு இருந்தால் அதை வினாடியின் சிறு பின்னம் வரை சொல்லிவிடலாம். அடுத்தது பள்ளங்களின் அகலம்: மறைப்பு சுற்றுக்காலத்தில் எத்தனை பங்கு நீடிக்கிறது என்பதிலிருந்து, இரு ஆரங்களின் கூட்டுத்தொகை அவற்றின் இடைத்தொலைவில் எத்தனை பங்கு என்பது தெரியவரும். பாதை வட்டமானால் இரு மறைப்பிலும் மறைவது ஒரே அளவு பரப்பு. ஆகவே ஆழங்களின் விகிதம் மேற்பரப்புப் பொலிவுகளின் விகிதத்தைத் தருகிறது. அதிலிருந்து வெப்பநிலை விகிதத்துக்குப் போகலாம். பள்ளத்தின் அடி தட்டையாக இருந்தால் மறைப்பு முழுமையானது. கூர்மையாக இருந்தால் பகுதி மறைப்பாக இருக்கலாம். சாய்வுக்கோணம் இந்த வடிவத்தில்தான் பதிந்திருக்கிறது.

நீள்வட்டப் பாதையின் தடயம் வேறிடத்தில் கிடைக்கும். இரண்டாவது பள்ளம் சரியாக நடுவில் விழாமல் முன்னோ பின்னோ தள்ளி விழுந்தால், பாதை வட்டமன்று. இரு பள்ளங்களின் அகலம் வேறுபட்டால் அதுவும் ஒரு தடயம். முதல் தடயத்தை மிகத் துல்லியமாக அளக்கலாம். நேரத்தைக் குறித்தால் போதும். இரண்டாவது தடயம் வலுவற்றது. பள்ளம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை அளவீட்டுச் சிதறல் மறைத்துவிடும். பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் குறிக்கும் மையத்தொலைத்தகவு ஒன்றுதான் என்றாலும் அதன் ஒரு கூறு நன்றாகத் தெரியும், மறுகூறு மங்கலாகத் தெரியும். பழைய பட்டியல்களில் ஒரே விண்மீனுக்கு வெவ்வேறு மையத்தொலைத்தகவுகள் தரப்பட்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகத் தோன்றுகிறது.

வளைவில் இல்லாதது நீள அளவு. எல்லா நீளங்களையும் இருமடங்காக்கி, நிறைகளை எட்டு மடங்காக்கினால், கெப்ளரின் மூன்றாம் விதிப்படி சுற்றுக்காலம் மாறாது. ஒளிவளைவின் வடிவமும் மாறாது. கிலோமீட்டரில் எதையும் சொல்ல, நிறமாலை தரும் ஆரைத்திசைவேகம், அதாவது நம்மை நோக்கியோ விலகியோ நகரும் வேகம், வேண்டும். விண்மீன்கள் எந்தத் திசையில் சுற்றுகின்றன என்பதையும், பாதையின் தளம் வானில் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதையும்கூட வளைவு காட்டாது.

நீளத்தையும் நிறையையும் இப்படிச் சேர்த்து மாற்றும்போது மாறாமல் நிற்கும் ஓர் அளவு உண்டு. அது அடர்த்தி. 1899-ல் இதை இருவர் தனித்தனியே பயன்படுத்தினார்கள். ஒருவர் அமெரிக்காவின் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல். மற்றவர் தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் பள்ளியில் ஆசிரியராக இருந்தபடியே தென்வானத்து மாறொளி விண்மீன்களைக் கவனித்துவந்த அலெக்சாண்டர் ராபர்ட்ஸ். தொலைவோ நிறையோ தெரியாத விண்மீன்களின் அடர்த்திக்கு மேல்வரம்பு குறிக்க முடிந்தது. ஒளியை மட்டும் வைத்துக்கொண்டு பெற்ற விடைகளில் இதைவிட உறுதியானது அக்காலத்தில் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

கோளத்திலிருந்து ரோச் வடிவத்துக்கு

1912-ல் ரஸ்ஸல் வெளியிட்ட முறை, சுற்றுப்பாதைக் கணக்கை அட்டவணைகளாலும் வரைபடங்களாலும் செய்துமுடிக்கும் வேலையாக மாற்றியது. பிரின்ஸ்டனில் அவருடைய மாணவராக இருந்த ஹார்லோ ஷாப்லி, அந்த முறையால் 90 மறைப்பு இரட்டைகளின் பாதைகளைக் கணக்கிட்டு 1915-ல் வெளியிட்டார். கவனிப்புக் கருவியும் அதே காலத்தில் முன்னேறியது. ஜோயல் ஸ்டெபின்ஸ் 1910-ல் செலினியம் ஒளிமானியால் அல்கோலின் இரண்டாவது பள்ளத்தைக் கண்டுபிடித்தார். அதன் ஆழம் 0.06 பொலிவெண்தான், கண்ணால் அறியவே முடியாதது. குட்ரிக் இருண்ட பொருள் என்று கருதிய துணையும் ஒளிர்கிறது என்பது அப்போது உறுதியானது.

ரஸ்ஸலின் முறை விண்மீன்களைக் கோளங்களாகவோ ஒத்த நீள்கோளங்களாகவோ கொண்டது. நெருங்கிய இரட்டைகளில் ஈர்ப்பால் இழுபட்டு விண்மீன்கள் உருக்குலைகின்றன. ஒன்றின் ஒளி மற்றதன் முகத்தைச் சூடாக்குகிறது. மறைப்பு இல்லாத நேரத்திலும் ஒளி நெளிவதற்கு இவையே காரணம். இந்த நெளிவைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டு, எஞ்சிய வளைவைக் கோளங்களின் வளைவாக எண்ணித் தீர்ப்பது அன்றைய வழக்கம். உருக்குலைவு சிறிதானால் இது நன்றாகவே வேலைசெய்தது. பெரிதானால், கழித்தது எது, எஞ்சியது எது என்ற எல்லை கணக்கிடுபவரின் தேர்வைப் பொறுத்ததாகிவிட்டது. செக் வானியலாளர் ஸ்டெனெக் கோபால் 1940களிலிருந்து இதைக் கடுமையாக எதிர்த்தார். கைத்திறனை நம்பும் வரைபட வழிகளுக்குப் பதில் மீச்சிறு வர்க்க முறையால் படிப்படியாகத் திருத்தி, ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் பிழை வரம்பையும் தர வேண்டும் என்பது அவர் வாதம். வாதம் நியாயமானது. ஆனால் கணிப்பொறி பரவாத காலத்தில் அந்த உழைப்பை ஏற்கப் பலர் முன்வரவில்லை.

கோபாலின் நிலைத்த பங்களிப்பு 1955-ல் அவர் செய்த வகைப்பாடு. இரு விண்மீன்களைச் சுற்றியும் ஈர்ப்பு வரையறுக்கும் ஓர் எல்லை உண்டு. அதை ரோச் மடல் என்பார்கள். இரண்டும் தம் எல்லைக்குள் அடங்கியிருந்தால் பிரிந்த இரட்டை. ஒன்று மட்டும் எல்லையை நிரப்பியிருந்தால் அரைப் பிரிவு. இரண்டும் நிரப்பியிருந்தால் தொடு இரட்டை. நிறை குறைந்த அல்கோலின் துணை, நிறை மிகுந்ததைவிட முதுமை எய்தியிருப்பது எப்படி என்ற புதிருக்கு விடை இங்கேதான் இருந்தது. முதலில் நிறை மிகுந்திருந்தது துணைதான். எல்லையை நிரப்பிய பிறகு தன் பொருளை மற்றதற்குக் கொடுத்துவிட்டது.

1971-ல் ராபர்ட் வில்சனும் எட்வர்ட் டெவின்னியும் இந்த ரோச் வடிவத்தையே கணிப்பொறியில் கட்டினார்கள். மேற்பரப்பைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் வெப்பநிலையையும் விளிம்பு நோக்கி ஒளி மங்கும் அளவையும் தனித்தனியே கணக்கிட்டு, நமக்குத் தெரியும் துண்டுகளின் ஒளியைக் கூட்டுவது அவர்கள் வழி. கழிக்கும் வேலை மறைந்தது. உருக்குலைவே தகவலாக மாறியது. இன்று பரவலாகப் பயன்படும் ‘ஃபீபி’ மென்பொருள் இந்த மரபில் வந்தது. நன்கு பிரிந்த இரட்டைகளுக்கு, அதே 1970களில் தோன்றிய எளிய நீள்கோள மாதிரி இன்றும் போதுமானதாக இருக்கிறது, வேகமும் அதிகம். எது மேல் என்ற விவாதத்தில் பெரிய பொருள் இல்லை. விண்மீன்கள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதே தேர்வை முடிவுசெய்ய வேண்டும்.

ஒரே வளைவுக்குப் பல விடைகள்

மாதிரி எவ்வளவு நுட்பமானாலும் ஒரு தடை நீங்கவில்லை. வெவ்வேறு எண் தொகுப்புகள் ஏறத்தாழ ஒரே வளைவைத் தரக்கூடும்.

பகுதி மறைப்பில் இது வெளிப்படையாகத் தெரியும். ஒத்த அளவுள்ள இரண்டு விண்மீன்கள் பாதி மறைந்து விலகினால், ஆரங்களின் கூட்டுத்தொகையை வளைவு நன்றாகச் சொல்லிவிடும். அவற்றின் விகிதத்தைச் சொல்லாது. ஒன்றைச் சற்றுப் பெரிதாக்கி மற்றதைச் சிறிதாக்கிச் சாய்வைத் திருத்தினால் வளைவு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். நிறமாலையிலிருந்து இரண்டின் ஒளி விகிதத்தை வெளியே பெற்றுக் கணக்கில் கட்டிப்போடுவதே நம்பகமான வழி. அப்படிச் செய்யாமல் வெளியான ஆரங்கள், அவற்றோடு அச்சிடப்பட்ட பிழை வரம்பைவிட அதிகமாகத் தவறியிருக்க வாய்ப்பு உண்டு.

மூன்றாவது ஒளி இன்னொரு சிக்கல். அல்கோலிலேயே மூன்றாவது விண்மீன் இருக்கிறது. உள் இரட்டையை 680 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதன் ஒளி கலந்தால் பள்ளங்கள் ஆழம் குறைந்து தெரியும். சாய்வுக்கோணம் குறைவு என்று கணக்கு ஏமாறும். டெஸ் செயற்கைக்கோளின் ஒரு படத்துணுக்கு வானில் 21 வில்வினாடி அகலம் கொண்டது. அதற்குள் தொடர்பே இல்லாத பக்கத்து விண்மீன்களும் விழும். நெரிசலான பால்வழித் தளத்தில் இது அன்றாடப் பிரச்சினை.

மிகுந்த கருத்து வேறுபாடு தொடு இரட்டைகளில் இருக்கிறது. எட்டு மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும் டபிள்யூ உர்சா மேஜோரிஸ் போன்றவை இவை. லியோன் லூசி 1968-ல் இரண்டையும் ஒரே வெப்பச்சலன உறை மூடியிருப்பதாக விளக்கியபின் ஒளிவளைவு நன்றாகப் பொருந்தியது. விண்மீன்களின் உருவம் நிறை விகிதத்தைப் பொறுத்தது என்பதால், நிறமாலையே இல்லாமல் ஒளியிலிருந்து நிறை விகிதத்தை எடுக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. மறைப்பு முழுமையானால் இந்த நம்பிக்கைக்கு நல்ல அடிப்படை உண்டு என்று டெரலும் வில்சனும் 2005-ல் காட்டினார்கள். பகுதி மறைப்பானால் அடிப்படை மிகவும் பலவீனம். ஆனாலும் பகுதி மறைப்புத் தொடு இரட்டைகளின் நிறை விகிதத்தை மூன்று தசம இடங்கள் வரை அச்சிடும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன. அந்த இடங்கள் கணிப்பொறியின் வெளியீடு. விண்மீனின் பண்பு என்று கொள்வதற்கில்லை.

கறைகள் இதை மேலும் குழப்புகின்றன. இரண்டு மறைப்புகளுக்கு இடையே வரும் உச்சங்கள் சமமாக இருக்க வேண்டும். பல இரட்டைகளில் இல்லை. 1951-ல் இதை விரிவாக ஆராய்ந்த இயேசு சபைத் துறவி டேனியல் ஓ’கானலின் பெயரால் இவ்விளைவு அழைக்கப்படுகிறது. மேற்பரப்பில் குளிர்ந்த கறை ஒன்றை வைத்தால் வளைவு பொருந்திவிடும். சூடான திட்டு ஒன்றை எதிர்ப்பக்கம் வைத்தாலும் பொருந்திவிடும். கறையின் இடம், அளவு, வெப்பம் என்று கட்டற்ற எண்கள் கூடக்கூடப் பொருத்தம் அழகாகிறது, நம்பகம் குறைகிறது. குட்ரிக் முன்வைத்த கறை விளக்கம், இருநூறு ஆண்டுக்குப் பின் மறைப்பு விளக்கத்துக்குள்ளேயே இடம்பிடித்துவிட்டது.

மறைப்பு ஒரு கடிகாரம்

வளைவின் வடிவத்தை விட்டுவிட்டு, மறைப்பு நிகழும் நேரத்தை மட்டும் பல ஆண்டுகள் தொடர்ந்து குறித்துவருவது இரண்டாவது பெரும் மரபு. எதிர்பார்த்த நேரத்துக்கும் கண்ட நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை வரைந்தால், பாதையின் மெதுவான மாற்றங்கள் தெரியும். பீட்டா லைரேயின் சுற்றுக்காலம் 13 நாளுக்குச் சற்றுக் குறைவு. அது ஆண்டுக்கு ஏறத்தாழ 19 வினாடி நீண்டுகொண்டே போகிறது. ஒரு விண்மீனிலிருந்து மற்றதற்குப் பொருள் பாய்வதன் நேரடிச் சான்று இது. 1784-ல் குட்ரிக் தொடங்கிவைத்த பதிவு இல்லாவிட்டால் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

நீள்வட்டப் பாதையானால் அதன் அச்சே மெல்லத் திரும்பும். ஒய் சிக்னியில் ஒரு முழுத் திருப்பத்துக்கு ஏறத்தாழ 48 ஆண்டு. திரும்பும் வேகம் விண்மீன்களின் உள்ளடக்கம் மையத்தில் எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலும் ஒரு பங்கு சேர்க்கிறது. ஆகவே மறைப்பு நேரத்தைக் குறிப்பது விண்மீனின் உட்புறத்தைத் தொடும் வழியாகிறது.

இந்த வழியை நெடுங்காலம் சங்கடத்தில் ஆழ்த்தியது டிஐ ஹெர்குலிஸ். 10.55 நாள் சுற்றுக்காலமும் 0.49 மையத்தொலைத்தகவும் கொண்ட, நன்கு பிரிந்த, ஒழுங்கான இரட்டை அது. கோட்பாட்டின்படி அதன் அச்சு நூற்றாண்டுக்கு 4 பாகைக்குச் சற்று மேல் திரும்ப வேண்டும். அளந்தால் ஏறத்தாழ 1 பாகைதான். 1980களில் இது கூர்மையான முரண்பாடாக நின்றது. பொதுச் சார்பியலே தவறு என்று சிலர் கருதினார்கள். ஜான் மொஃபட்டின் மாற்று ஈர்ப்புக் கோட்பாடு இதைத் தனக்குச் சான்றாகக் கொண்டது. கண்ணுக்குப் படாத மூன்றாவது பொருள் என்றனர் சிலர். விண்மீன்களின் சுழலச்சு சாய்ந்திருக்கலாம் என்ற கருத்தும் அப்போதே எழுந்தது. சோதிக்க வழியில்லாததால் பின்தங்கியது. 2009-ல் சைமன் ஆல்பிரெக்டும் கூட்டாளிகளும் மறைப்பின்போது நிறமாலைக் கோடுகள் உருமாறும் விதத்தை அளந்து, இரு விண்மீன்களும் பாதைத் தளத்தில் ஏறக்குறையப் படுத்த நிலையில் சுழல்வதைக் காட்டினார்கள். அந்தச் சுழற்சி அச்சின் திருப்பத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. கணக்கு நேரானது, சார்பியல் தப்பியது. தவறாக இருந்தது, சுழலச்சுகள் பாதைக்குச் செங்குத்தாகத்தான் இருக்கும் என்று யாரும் சோதிக்காமல் ஏற்றுக்கொண்ட அனுமானம். இத்துறையின் வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை என்பது என் கருத்து. விடை வளைவுக்குள் இல்லாதபோது, எத்தனை ஆண்டுகள் வளைவையே உற்றுப்பார்த்தாலும் கிடைக்காது.

நேரப் பதிவுக்கு வேறு பலவீனங்களும் உண்டு. நேர வேறுபாடு அலைபோல் ஏறி இறங்கினால், மூன்றாவது பொருள் இரட்டையை முன்னும் பின்னும் இழுப்பதாக எண்ணலாம். காந்தச் சுழற்சியால் விண்மீனின் உருவம் மாறி, சுற்றுக்காலமும் மாறுவதாக ஜேம்ஸ் ஆப்பிள்கேட் 1992-ல் முன்வைத்த விளக்கமும் அதே அலையைத் தரும். எச்டபிள்யூ விர்ஜினிஸ், எச்யூ அக்வாரி ஆகியவற்றைச் சுற்றிக் கோள்கள் இருப்பதாக இத்தகைய அலைகளிலிருந்து அறிவிக்கப்பட்டது. பின்வந்த நேரங்கள் கணிப்பை மீறின. சில கோள் அமைப்புகள் நிலைத்திருக்கவே முடியாதவை என்று கணக்குகள் காட்டின. கேஐசி 9832227 என்ற தொடு இரட்டை 2022 வாக்கில் ஒன்றிணைந்து வெடிக்கும் என்று 2017-ல் வந்த கணிப்பு உலகெங்கும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே வேறொரு குழு, அதற்குத் தாங்கலாக இருந்த பழைய மறைப்பு நேரம் ஒன்று தவறானது என்று கண்டது. கணிப்பு கைவிடப்பட்டது. கணித்தவர்கள் ஆதாரமற்றுப் பேசவில்லை. வி1309 ஸ்கார்பியை என்ற தொடு இரட்டை 2008-ல் உண்மையிலேயே அப்படி இணைந்து வெடித்தது.

பின்னோக்கி இதே உத்தியை மிக நீண்ட தொலைவுக்கு நீட்டியவர்கள் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள். 3,200 ஆண்டுப் பழமையான எகிப்தின் கெய்ரோ நாட்காட்டியில் நல்ல நாள், கெட்ட நாள் குறிப்புகளில் 2.85 நாள் ஒழுங்கு ஒன்று இருப்பதாகவும், அது அல்கோலின் பண்டைய சுற்றுக்காலம் என்றும் அவர்கள் வாதிடுகிறார்கள். இன்றைய மதிப்பு 2.867. பொருள் பாய்ச்சலால் சுற்றுக்காலம் நீளும் என்ற எதிர்பார்ப்போடு திசை பொருந்துகிறது. ஆனால் புள்ளியியல் ஒழுங்கிலிருந்து ஒரு குறிப்பிட்ட விண்மீனுக்குத் தாவுவது பெரிய தாவல். இதைச் சுவையான சாத்தியம் என்பதற்கு மேல் ஏற்க இப்போது காரணமில்லை.

வேகத்தையும் ஒளியே சொல்லுமா?

2009-ல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி, நீள அளவு வளைவில் இல்லை என்ற பழைய விதியைத் தளர்த்தியது. நம்மை நோக்கி வரும் விண்மீனின் ஒளி சற்றுக் கூடித் தெரியும், விலகும்போது குறையும். வினாடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கு இது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. கெப்ளரின் பதிவில் இதை அளக்க முடிந்தது. 2010-ல் வான் கெர்க்விக் குழுவினர் கேஓஐ-74 இரட்டையில் இதன் வழியே ஆரைத்திசைவேகத்தைக் கண்டார்கள். நிறமாலைமானி இல்லாமல் வேகம் கிடைத்தது. ஆனால் இரு விண்மீன்களும் ஒத்தவையானால் ஒன்றின் கூடுதலை மற்றதன் குறைவு அழித்துவிடும். ஒளி பாதையைக் கடக்கும் நேரத்தால் இரண்டாவது மறைப்பு சில வினாடி தாமதமாகும் என்பதையும் பயன்படுத்தலாம். நிறை விகிதம் கிடைக்கும். அதே சில வினாடியை மிகச் சிறிய மையத்தொலைத்தகவும் தந்துவிடும் என்பதுதான் இடர். இப்புதிய வழிகள் தனிவகை இரட்டைகளுக்கு நல்லவை; பொதுவிதியாக நிறமாலையின் இடத்தைப் பிடிக்கவில்லை.

துல்லியம் பற்றிய மிகத் தெளிவான சோதனை ஏஐ ஃபீனிசிஸில் நடந்தது. டெஸ் எடுத்த ஒரே ஒளிப்பதிவைப் பல ஆய்வாளர்கள் தனித்தனியே, வெவ்வேறு மென்பொருள்களால் தீர்த்தார்கள். 2020-ல் வெளியான ஒப்பீட்டில் ஆரங்கள் 0.2 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போயின. முழு மறைப்பு உள்ள, அமைதியான, நன்கு பிரிந்த இரட்டை அது. அடிப்படை அளவீடு என்ற பெயருக்கு அது தகுதியானது. இதே வகை இரட்டைகளில் இருபதைக் கொண்டு பியட்ஷின்ஸ்கியின் குழு 2019-ல் பெரிய மகெல்லன் முகிலின் தொலைவை 1 விழுக்காட்டுத் துல்லியத்தில் அளந்தது. பேரண்டத்தின் தொலைவு ஏணியில் அது இப்போது முக்கியமான படி.

எண்ணிக்கையும் வேறொரு தளத்துக்குப் போய்விட்டது. கெப்ளர் பட்டியலில் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு; போலந்தின் ஓகிள் திட்டம் பால்வழி மையப் பகுதியில் மட்டும் நான்கு இலட்சத்துக்கும் மேல்; 2022-ல் வெளியான கையா விண்கலத் தரவில் 21 இலட்சத்துக்கும் மேல். இவற்றை மனிதர் ஒவ்வொன்றாகத் தீர்க்க இயலாது. நரம்பு வலைப்பின்னல் போன்ற தானியங்கி முறைகள் முதல் மதிப்பீட்டைத் தருகின்றன. அவை பயிற்சி பெற்றதும் மேலே சொன்ன மாதிரிகளால்தான். மாதிரிகளின் குறை அப்படியே பெருகிவரும்.

தீராதவை

சிறு விண்மீன்களின் ஆரம் இன்னும் முடிவாகாத விவாதம். சிஎம் டிராகோனிஸ் போன்ற செங்குறு விண்மீன் இரட்டைகளில் அளந்த ஆரம், கோட்பாடு சொல்வதைவிடச் சில விழுக்காடு பெரிதாக இருக்கிறது. காந்தச் செயல்பாடு விண்மீனை உப்ப வைக்கிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். கறைகள் ஒளிவளைவைத் திரித்து ஆரத்தைப் பெரிதாகக் காட்டுகின்றனவா என்ற ஐயமும் முழுதாக நீங்கவில்லை. நிறை மிகுந்த விண்மீன்களின் மையத்தில் கலப்பு எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதை ஒரே இரட்டைத் தொகுப்பிலிருந்து சிலர் நிறையோடு கூடுவதாகவும், வேறு சிலர் அப்படிச் சொல்லத் தரவு போதாது என்றும் முடிவுசெய்திருக்கிறார்கள். அளவீடு 1 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் இது தீரும். அந்த எல்லையில் விளிம்பு மங்கலைப் பற்றிய நம் அறிவே போதாமல் போகிறது.

மொத்தத்தில், இரு விண்மீன்களின் நிறமாலையும் கிடைத்து, முழு மறைப்பும் நிகழும் பிரிந்த இரட்டையின் சுற்றுப்பாதை, வானியலில் நேரடியாகக் கிடைக்கும் அளவீடுகளில் மிக உறுதியான ஒன்று. பகுதி மறைப்போடு நிறமாலையும் இல்லாத தொடு இரட்டையின் எண்கள் மதிப்பீடுகளே. பட்டியலில் இரண்டும் ஒரே வடிவத்தில் அச்சாகின்றன என்பதற்காக ஒரே தரமாகக் கொள்ளக் கூடாது. ஒரு தீர்வை எடைபோட அதோடு அச்சான பிழை வரம்பைவிட, வேறு கைகள் வேறு மாதிரியால் செய்த தீர்வு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதே நல்ல அளவுகோல். இந்த ஒப்பீடு ஏஐ ஃபீனிசிஸ் போன்ற ஒருசில இரட்டைகளுக்கே நடந்திருக்கிறது. இன்னும் பல வகைகளில் நடக்க வேண்டும்.

சிறு தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதில் இடம் உண்டு. அல்கோல் போன்ற பிரகாசமான இரட்டைகள் பெருந்தொலைநோக்கிகளின் கருவிகளைத் தெவிட்டச் செய்துவிடும். அவற்றின் மறைப்பு நேரங்களைத் தொடர்ந்து குறிப்பது பெரும்பாலும் ஆர்வலர்களின் உழைப்பில்தான் நடக்கிறது. குறிப்பவர்கள் எந்த நேர முறையில் குறித்தோம் என்பதையும் தவறாமல் எழுத வேண்டும். சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்குத் திருத்திய சீரான நேரத்துக்கும் கைக்கடிகார உலக நேரத்துக்கும், பூமியின் நகர்வால் வரும் சில நிமிட வேறுபாட்டைச் சரிசெய்த பிறகும், இன்று 69 வினாடி இடைவெளி இருக்கிறது. அதைக் குறிப்பிடாமல் விட்டால், ஐம்பது ஆண்டு கழித்து யாரோ அதை ஒரு புதிய கோளாக எண்ண நேரிடும்.